பெருந்தரவு ஆளுகைப் பாடமும் அம்மாவின் கொழுந்துத் துண்டும்

மிகப் பெரிய தரவுத் தொகுதிகளை எப்படிக் காப்பது, அவற்றுக்கு யார் பொறுப்பு என்று சொல்லித்தரும் 'பெருந்தரவுப் பாதுகாப்பும் ஆளுகையும்' என்ற பாடத்தின் பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை தேறவில்லை. ஹட்டனிலிருந்து வார இறுதியில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்ப் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் இந்த வருடம் அதே பாடத்தை எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை வந்த கேள்வி இது: ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் தரவை ஆய்வுக்காக வெளியாருக்குக் கொடுக்கப் போகிறது, என்னென்ன செய்ய வேண்டும்? குறியாக்கம், ஃபயர்வோல், பேக்கப் என்று மூன்று பக்கம் எழுதினேன். கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிறவர் யார், பிழை நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆளுகைக்கான புள்ளி முழுக்க அங்கேதான் போனது.

அது எனக்கு விளங்கியது வீட்டில்தான். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஒரு மாதம் அவருடைய சம்பளச் சீட்டில் ஒரு நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்திருந்தது. அன்று முழு நிறை கொடுத்த ஞாபகம் அம்மாவுக்கு நன்றாகவே இருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொடுத்த நிறைத் துண்டையும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். கணக்கப்பிள்ளை தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலைத் திறந்து காட்டினார், அதிலும் முழுப்பேர்தான். ஆபிசிலோ "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு" என்றார்கள். செக்ரோலிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோது பிழை நடந்திருக்கிறது. ஏற்றியவர் யார் என்ற பதிவு இல்லை. திருத்தும் அதிகாரம் யாருக்கு என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. திருத்தி வாங்க இரண்டு மாதமானது.

துண்டு, செக்ரோல், கம்ப்யூட்டர், சம்பளச் சீட்டு என்று தரவு கடந்து வந்த பாதைக்குத்தான் பாடத்தில் தரவு வழித்தடம் என்று பெயர். தரவு பற்றி முடிவெடுக்கும் உரிமையாளர், அதைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர், யார் எதை மாற்றினார் என்று காட்டும் தணிக்கைப் பதிவு எல்லாமே இந்த ஒரு சம்பவத்துக்குள் இருக்கின்றன. எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் இந்தப் பாதையைப் படமாக வரையுங்கள். பாதுகாப்புக் கருவிகளை அதற்குப் பிறகு எழுதலாம்.

தரவு யாருடையது என்று தெரியாமல் செய்யும் அடையாளம் நீக்கல் பகுதியைக் கொஞ்சம் ஆழமாகப் படியுங்கள். உதாரணம் உங்கள் பர்ஸிலேயே இருக்கிறது. நமது பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் 2 எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 எண் இலக்கத்தில் ஆண்டு 4 எண்ணாகிறது, நாளைக் காட்டும் முறை அதேதான். அதனால் ஓர் அட்டவணையில் பெயரையும் பிறந்த திகதியையும் அழித்துவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை விட்டுவைத்தால், பிறந்த நாளும், ஆணா பெண்ணா என்பதும் அப்படியே வெளியில் தெரியும். இலக்கத்தை ஹாஷ் செய்தாலும், அதாவது நேரடியாகத் திருப்பி வாசிக்க முடியாத குறியீடாக மாற்றினாலும், அது மட்டும் போதாது. வரக்கூடிய இலக்கங்கள் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அஞ்சல் குறியீடு, பிறந்த திகதி, பால் இந்த மூன்றுமே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதும் என்று கணினி ஆய்வாளர் லட்டானியா ஸ்வீனி 1990 குடிசன மதிப்பீட்டை வைத்துக் கணித்ததை இதனோடு சேர்த்து எழுதுங்கள்.

பெருந்தரவைப் பல கம்ப்யூட்டர்களில் பிரித்து வைத்துக் கையாளும் ஹடூப் மென்பொருளுக்கு ஒரு பந்தி போதும். ஆரம்பத்தில் அது வருகிறவர் சொன்ன பெயரை அப்படியே நம்பியது, ஆளை உறுதிப்படுத்தும் கெர்பரோஸ் முறை பிறகுதான் வந்தது. சட்டத்துக்கு ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரோடு நிற்க வேண்டாம். நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசியுங்கள். நோக்கத்துக்கு மேல் சேகரிக்கக் கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்ற இரண்டையும் காரணத்தோடு எழுதத் தெரிய வேண்டும்.

வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனாலும் படித்ததை வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் தடவை பரீட்சைக்கு முதல் நாள் இரவு அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். டின்னை மடியில் வைத்தபடி, "அப்போ இந்தத் துண்டெல்லாம் எத்தனை நாளைக்கு வச்சிருக்கணும்?" என்று கேட்டார். தரவைத் தக்கவைக்கும் காலம் பற்றி நான் ஒழுங்காகப் படிக்கவே இல்லை. அன்றிரவே அதை எடுத்துப் படித்தேன். மறுநாள் வினாத்தாளில் அதற்கு 10 புள்ளி இருந்தது.