ஏணியில் நின்று திருகும் சுவிட்ச்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் எனக்கு வேலை. குளிர்காலம் வந்தால் ராக்கெட் மாணவர்களும் வந்துவிடுவார்கள். நாசா அலபாமாவில் நடத்தும் ஸ்டூடன்ட் லாஞ்ச் போட்டிக்கு ராக்கெட் செய்கிறவர்கள். 4,000 முதல் 6,000 அடி வரை மேலே போய்ப் பாராசூட்டில் பத்திரமாக இறங்க வேண்டும். மோட்டாரைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். சுவிட்ச் என்ன போடப்போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், ஏதாவது ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வரும்.

ராக்கெட்டின் நடுவே ஒரு குழாய்ப் பெட்டி. அதற்குள் செருகும் ஒட்டுப்பலகையில் இரண்டு ஆல்டிமீட்டர், இரண்டு பேட்டரி; ஒன்று கைவிட்டால் இன்னொன்று. ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தைப் பார்த்து உயரத்தைக் கணக்கிடும். உச்சியைத் தொட்டதும் கொஞ்சம் கருமருந்தை, அதாவது வெடிமருந்தை, பற்றவைத்துச் சின்ன பாராசூட்டை வெளியே தள்ளும். இறங்கும்போது, விதிப்படி 500 அடிக்குக் கீழே போவதற்குள், பெரிய பாராசூட்டை விரிக்கும். பேட்டரிக்கும் ஆல்டிமீட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது சுவிட்ச். அதனிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு காரியம். மருந்து நிரப்பிய ராக்கெட்டை ஒருவர் கட்டிப்பிடித்துத் தூக்கிப்போகும்போது அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் அணைந்திருக்க வேண்டும். கிளம்பிய பிறகு எந்த உலுக்கலிலும் அணையக் கூடாது. மாணவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் யோசிக்கிறார்கள்.

ஆனால் ராக்கெட்டைத் தரையில் மோதவைப்பது இரண்டாவதைக் கோட்டைவிடுவதுதான். கிளம்பும்போது வரும் விசையை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்றின் எடை சுமார் 45 கிராம். 15 ஜி விசையில், அதாவது எடையின் பதினைந்து மடங்கில், அது 675 கிராம் போல அழுத்தும். சரி, கட்டிவைத்துவிடலாம். உச்சியில் கருமருந்து வெடித்து, கயிறு விறைத்து இழுக்கும் உதறல்தான் பொல்லாதது. அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அந்த உதறலில் சுவிட்சின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தொடுமுனை கண நேரம் விலகினால், ஆல்டிமீட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்திருக்கும் கெப்பாசிட்டர் கொஞ்சம் தாங்கும். அதற்கு மேல் விலகினால் ஆல்டிமீட்டர் புதிதாகத் தொடங்கும். அப்போது பெரும்பாலானவற்றுக்குத் தாம் தரையில் நிற்பதாகத்தான் நினைப்பு. ராக்கெட் கிளம்பட்டும் என்று காத்துக்கொண்டே கீழே வந்து சேரும். பெரிய பாராசூட் மடித்தபடியே இருக்கும்.

அதனால் பொம்மைகளில் வரும் தள்ளு சுவிட்சை நான் மேஜையிலிருந்தே ஒதுக்கிவிடுவேன். எனக்குப் பிடித்தது திருகு சுவிட்ச். சின்ன போர்டில் இரண்டு உலோகத் தொடுமுனைகள், அவற்றைச் சேர்க்க ஒரு திருகு. திருகை இறக்கினால் இணைப்பு, ஏற்றினால் துண்டிப்பு. விலகுவதற்கு ஸ்பிரிங் எதுவும் இல்லை. பலகையிலேயே பொருத்தி, குழாயில் காற்றுக்காகப் போடும் துளைக்கு நேராக வைத்துவிட்டால் வெளியிலிருந்து ஸ்க்ரூடிரைவரால் எட்டலாம். துளைக்கும் திருகுக்கும் நடுவே ஒரு குட்டிக் குழாயை ஒட்டிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் வெயிலில் கண் கூச, ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே எதையோ சுரண்டிக்கொண்டிருக்கும்.

ஒயரில்தான் எனக்கும் மாணவர்களுக்கும் சண்டை. ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், பல இழை ஒயர் போடுங்கள் என்றால் கேட்டுக்கொள்வார்கள். முனையில் ஈயம் பூசித் திருகு முனையத்தில் இறுக்காதீர்கள் என்றால் முகம் மாறும். பூசினால் அழகாகத்தான் இருக்கும், ஒரு இழைகூடப் பிரியாது. ஆனால் ஈயம் மிருதுவானது. அழுத்தத்தில் நாளடைவில் வழிந்து கொடுக்கும், இன்று இறுக்கியது அடுத்த மாதம் தளர்ந்திருக்கும். வெறும் இழைகளை முறுக்கிச் செருகலாம், இல்லையென்றால் முனையில் சின்ன உலோக உறை மாட்டி நசுக்கலாம். சுவிட்சில் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்திலும் ஒரு சங்கதி உண்டு. ஒயர் அறுவது பற்றில் அல்ல, இழைகளுக்குள் ஊறிய ஈயம் முடிந்து வளையும் ஒயர் தொடங்கும் எல்லையில். அதனால் அந்த இடத்தைச் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயால் மூடி, அரை அங்குலம் தள்ளிப் பலகையோடு கட்டிவிடுவோம். அப்புறம் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்ப்பது. கடைசியில் சுவிட்சைப் போட்டு, பலகையை உள்ளங்கையால் நாலாபக்கமும் தட்டுவது. ஆல்டிமீட்டரின் தொடக்க ஒலி மறுபடி கேட்டால் மின்சாரம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

காந்தத்தைக் காட்டினால் இயங்கும் சுவிட்சுகளும் வந்துவிட்டன. வசதிதான், துளைகூட வேண்டாம். ஆனால் அணைந்திருக்கும்போதும் அதில் சுற்று அறுபடுவதில்லை, ஒரு டிரான்சிஸ்டர்தான் குறுக்கே நிற்கிறது. போட்டி விதி கேட்பது இயந்திர சுவிட்ச். ஒவ்வொரு ஆல்டிமீட்டருக்கும் தனியாக, வெளியிலிருந்து எட்டும்படி, பறக்கும் விசையில் அணையாதபடி ஆன் நிலையில் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். எடையைக் குறைக்க இரண்டு ஆல்டிமீட்டருக்கும் ஒரே சுவிட்ச் போதாதா என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார். இரண்டாவது ஆல்டிமீட்டரையும் கழற்றிவிடுங்கள், இன்னும் எடை குறையும் என்பேன்.

மைதானத்தில் எல்லாம் வரிசைப்படிதான். ராக்கெட் அதை ஏவும் தண்டவாளக் கம்பத்தில் நிமிர்ந்து நின்ற பிறகே சுவிட்ச். ஒருவர் ஏணியில் ஏறி முதல் ஆல்டிமீட்டரைத் திருகி, பீப் ஒலியை எண்ணி, இரண்டு பாராசூட்டின் மருந்துக்கும் இணைப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். இரண்டும் சேர்ந்து கத்தினால் யார் சொல்வது யாருக்குக் கேட்கும்? காற்றடிக்கும் நாளில் காதைத் துளையிலேயே வைக்க வேண்டியிருக்கும், முகத்தை மட்டும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மோட்டாருக்கான பற்றவைப்பான் இதற்கெல்லாம் பிறகுதான்.

இறங்கிய ராக்கெட்டிலும் வெடிக்காத மருந்து மிச்சம் இருக்கலாம். ஆகவே தொடுவதற்கு முன் இரண்டு திருகையும் ஏற்றிவிட வேண்டும். விதிப்படி அது ஏவுதளத்திலிருந்து 2,500 அடி வரை தள்ளி விழலாம். ஸ்க்ரூடிரைவரை ஏணிப்படியிலேயே மறந்துவிட்டு வயலில் அவ்வளவு தூரம் நடந்து போகிற அணிகள் உண்டு. எங்கள் பெட்டியில் இரண்டு ஸ்க்ரூடிரைவர்கள். ஒன்று ராக்கெட்டை எடுக்கப் போகிறவரின் கழுத்தில் கயிற்றோடு தொங்கும்.