காதுகேளாதோர் உயர்கல்வி வரலாறு: நான் படித்த விதம்

ஸ்பெஷல் பி.எட். (மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஆசிரியர் படிப்பு) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். ஜூனியர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: வரலாற்றுப் பகுதியில் இத்தனை ஆண்டுகளை எப்படி நினைவில் வைப்பது?

மனப்பாடம் வேண்டாம். நோட்டில் இடது ஓரம் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேராக, முடிவெடுத்தவர் காது கேட்பவரா கேளாதவரா என்று எழுதுங்கள். எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

1864இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் வாஷிங்டனில் காதுகேளாதோருக்குப் பட்டம் தரும் கல்லூரி வந்தது. இன்றைய கல்லாடெட் பல்கலைக்கழகம். தலைவர் எட்வர்ட் மைனர் கல்லாடெட், கேட்பவர். 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சில் கற்பிக்கும் முறைதான் உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. அங்கே வாக்களித்தவர்களும் அநேகமாக எல்லாரும் கேட்பவர்கள். எட்வர்ட் அதை எதிர்த்தார், அவருடைய கல்லூரியில் சைகை நிலைத்தது. ஆனால் அதே கல்லூரி 1891இல் ஆசிரியர் பயிற்சித் துறை தொடங்கியபோது காதுகேளாதவர்களைச் சேர்க்கவில்லை! நான் வாங்கிய கைடில் இது இல்லவே இல்லை. விடைத்தாளில் கட்டாயம் எழுதுங்கள்.

1988 மார்ச் வரை என் கோட்டில், கல்லாடெட் தலைவர் பதவிக்கு நேராக, 'கேட்பவர்' மட்டும்தான். அந்த மாதம் புதிய தலைவருக்கான இறுதிப் பட்டியலில் இருந்த மூவரில் இருவர் காதுகேளாதவர்கள். நிர்வாகக் குழுவோ கேட்கும் எலிசபெத் ஜின்ஸரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வளாகத்தையே மூடினார்கள். காதுகேளாத தலைவர், குழுத் தலைவி ஜேன் ஸ்பில்மன் விலகல், குழுவில் காதுகேளாதோர் பெரும்பான்மை, போராடியவர்கள் மீது நடவடிக்கை கூடாது: நான்கு கோரிக்கைகள். ஒரே வாரத்தில் நான்கும் கிடைத்தன. ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார், 124 ஆண்டுகளுக்குப் பிறகு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மற்றவை சுருக்கமாக:
- 1887: கல்லாடெட்டில் பெண்களுக்கு அனுமதி
- 1954: ஆண்ட்ரூ ஃபாஸ்டர், கல்லாடெட்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினக் காதுகேளாதவர்
- 1960: சைகைக்கும் இலக்கணம் உண்டு என்று காட்டிய, கல்லாடெட் பேராசிரியர் ஸ்டோக்கியின் ஆய்வு
- 1965 சட்டம், 1968 முதல் மாணவர்கள்: அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கேட்பவர்களோடு சேர்ந்து படிக்கும் என்டிஐடி (காதுகேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி). ஒப்பிடச் சொன்னால் கல்லாடெட்டோடு இதைத்தான் வையுங்கள்.

இந்தியாவுக்கும் அதே கோடுதான். 2015இல் இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம். 2016 சட்டத்தில் உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம். இடம் கிடைத்தாலும் வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை கரும்பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதையும் எழுதுங்கள். நேரம் போதாவிட்டால் மிலானைக் குறைத்துக்கொள்ளுங்கள், 1988இல் கை வைக்காதீர்கள்.