நாளைக்கும் மணி அடிக்குமோ?

எங்களுக்கு அளவையியல் படிப்பித்த சேர் காலமான செய்தியைப் பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். எல்லோரும் அஞ்சலி எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு வரியில் எழுத வரவில்லை.

1995, இரண்டாம் தவணை. உயர்தர அளவையியல் வகுப்பில் தொகுத்தறிவு, அதாவது கண்டதை வைத்துக் காணாததை முடிவுசெய்வது, தொடங்கிய நாள். "நாளைக்கும் மணி அடிக்குமோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கட்டாயம் அடிக்கும், சேர்."

"எப்பிடித் தெரியும்?"

"ஒவ்வொரு நாளும் அடிக்கிறதுதானே, சேர்."

"அது இதுவரைக்கும் நடந்தது. நான் கேட்டது நாளையை."

பதில் வரவில்லை. பாடம் முடியும் வரை நின்றேன். பின் வாங்குச் சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. அவர் மேல் அவ்வளவு கோபம் எனக்கு.

பின்னேரம் கன்ரீனுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணியும் வடையும் வாங்கித் தந்தார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூமின் கதையை அங்கேதான் சொன்னார். 1739இல் வெளிவந்த நூலில் காரண காரியம், புறவுலகு, 'நான்' என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துக்கொண்டே போன ஹியூம், கடைசியில் இருட்டில் தனித்து நிற்கிறார். தர்க்கம் கைகொடுக்கவில்லை. எழுந்துபோய் நண்பர்களோடு சாப்பிடுகிறார், பக்கமன் என்ற காய் நகர்த்தும் விளையாட்டு விளையாடுகிறார், சிரித்துப் பேசுகிறார். மூன்று நான்கு மணித்தியாலம் கழித்துத் திரும்பிவந்தால், அந்த யோசனைகள் எல்லாம் குளிர்ந்துபோய்க் கிடக்கின்றன. ஆனாலும் அவர் சந்தேகத்தைக் கைவிடவில்லை. அதோடு வாழப் பழகிக்கொண்டார்.

"வடை ஆறுது, சாப்பிடு" என்றார் சேர்.

அந்த வருடம் ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நாள். செம்மணி வெளியில், மழைக்குள், அம்மாவின் தையல் மெசினைக் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு சனத்தோடு சனமாகப் போனபோதுதான் அவருடைய கேள்வி எனக்கு விளங்கியது. அடுத்த நாள் எங்கள் பள்ளியில் மணி அடிக்கவில்லை.

அப்புறம் லண்டன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத வருடங்கள். நாளைக்கு இங்கே இருப்பேனா என்று தெரியாமலே சனிக்கிழமைகளில் புட்டு அவித்து, அறைச் சிநேகிதரைக் கூப்பிட்டுச் சாப்பிட்டேன். அந்தத் தைரியம் கன்ரீனில் கிடைத்தது. இதை ஒரு கடிதத்திலாவது அவருக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

1776 ஜூலையில், சாகக் கிடந்த ஹியூமைப் பார்க்கப் போன எழுத்தாளர் பொஸ்வெல் அவருடைய அமைதியைக் கண்டு கலங்கிப்போனாராம். அதுவும் சேர் சொன்ன கதைதான். போன வருடம் தொலைபேசியில் கேட்ட சேரின் குரலும் அப்படித்தான் இருந்தது, மெலிந்து, பதற்றமில்லாமல்.

"வாற பொங்கலுக்குக் கட்டாயம் வருவன், சேர்" என்றேன்.

எப்பிடித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. "வா, தம்பி" என்றார்.