இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரே

என் மகளுக்கு நான்கு மாதத்திலேயே மூளையில் நீர் கோத்துக்கொண்டதால், அந்த நீரை வயிற்றுக்கு வடியவைக்கும் ஷன்ட் என்ற கருவியை வைத்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு வால்வு. அதிலிருந்து மெல்லிய சிலிகான் குழாய் ஒன்று கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கு அடியிலேயே ஓடி வயிற்றுக்குள் இறங்கும். இப்போது அவளுக்கு 11 வயது.

போன வருடம் இருமல் பத்து நாளாகியும் விடவில்லை. நிமோனியாவாக இருக்குமோ என்று மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் ஒன்றுமில்லை என்று சொல்லி, மருந்து எழுதி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் வெள்ளை நூல் மாதிரி இறங்கும் அந்தக் கோடு எனக்கு மனப்பாடம். காறை எலும்புக்குச் சற்று மேலே ஒரு விரல் அகலத்துக்கு அதைக் காணோம். கைகால் ஓடவில்லை.

மறுநாள் நரம்பியல் அறுவை மருத்துவர் முதலில் கேட்டது, "பழைய படம் இருக்கிறதா?" சில குழாய்களில் எக்ஸ்ரேயில் தெரியாத பகுதியும் உண்டாம், பழைய படத்திலும் அதே இடைவெளி இருந்தால் பயமில்லை. நல்லவேளையாக மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதில் கோடு அறுபடாமல் இருந்தது. அப்படியென்றால் இது முறிவுதான்.

என் விரலைப் பிடித்து அவள் கழுத்தில் வைத்துக் காட்டினார். தோலுக்கு அடியில் நெல்மணிகளைக் கோத்ததுபோல் நெருடியது. குழாயைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிந்து, அது அந்த இடத்தில் இறுகிவிட்டது. பிள்ளை உயரமாகிக்கொண்டே போக, இழுபட்டு அறுந்திருக்கிறது.

அப்புறம் தலை முதல் வயிறு வரை வரிசையாக எக்ஸ்ரே, தலைக்கு சி.டி. ஸ்கேன். மூளையின் நீர் அறைகள் முன்பைவிடப் பெருத்திருந்தன. காலையில் தலை வலிக்கிறது என்று அவள் சில வாரங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். சளியால்தான் என்று நினைத்துவிட்டோம். அது இன்னும் உறுத்துகிறது. அறுந்த பிறகும் பெரிதாக ஒன்றும் ஆகாததற்குக் காரணம், குழாயைச் சுற்றி வளர்ந்திருந்த தழும்புத் திசு. அந்த உறை வழியாக நீர் கொஞ்சம் கசிந்து இறங்கியிருக்கிறது. அது எப்போது வேண்டுமானாலும் அடைபடலாம் என்றார். இரண்டே நாளில் கீழ்க்குழாயை மாற்றிவிட்டார்கள். காலைத் தலைவலியும் நின்றது.

புதுக் குழாயோடு எடுத்த படம் இப்போது என் போனில் இருக்கிறது. எதற்காக மார்பு எக்ஸ்ரே எடுத்தாலும், "ஷன்ட் இருக்கிறது, குழாய் அறுபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்" என்று சீட்டிலேயே எழுதச் சொல்லிவிடுகிறேன்.