அக்காவுக்கு 12க்கு 11, எனக்கு 10க்கு 10

நாங்கள் கட்டப்போகும் புது வீட்டின் பிளான் முதல் தடவை கைக்கு வந்த அன்று நானும் என் கணவரும் முதலில் பார்த்தது எங்கள் அறையைத்தான். 14க்கு 15 அடி, அதை ஒட்டியே 10 அடி நீளம் 5 அடி அகலத்தில் தனியாக ஒரு டிரெஸ்ஸிங் ரூம். அந்த டிரெஸ்ஸிங் ரூம் என்னுடைய ஆசை. அறைக்குள் ஒரு சோபா வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிள்ளைகளின் அறைகளை, சரி, ஆளுக்கு ஒன்று இருக்கிறது என்ற அளவில் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டோம்.

அதைப் பிரித்துப் பார்த்தவன் எட்டு வயதுப் பையன். "அம்மா, அக்காவுக்கு 12க்கு 11 போட்டிருக்கு. எனக்கு மட்டும் ஏன் 10க்கு 10?" என்று கேட்டான். அவ பெரியவ, அவளுக்குப் படிக்க இடம் வேணும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "நானும் பெரியவன் ஆவேன்ல?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் கணவர் வேறு மாதிரி பேசினார். இன்னும் அஞ்சு வருஷத்துல பொண்ணு படிக்க வெளியே போயிடுவா, பத்து வருஷத்துல பையனும் போயிடுவான், அப்புறம் இந்த வீட்டில் இருக்கப் போவது நாம் இரண்டு பேர்தான், நம்ம அறை பெரிசா இருந்தா என்ன தப்பு என்றார். தப்பில்லைதான். ஆனால் அந்தப் பத்து வருடத்தில் நாங்கள் எங்கள் அறைக்குள் இருக்கப் போவது தூங்கும் நேரம் மட்டும். அவர்கள் இரண்டு பேரும் படிப்பது, விளையாடுவது, கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவது எல்லாமே அந்த அறைகளுக்குள்தான் நடக்கும்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய அறையாகப் போட்டுவிட்டு, தேவைப்படும்போது நடுவில் சுவர் வைக்கலாமா என்றும் யோசித்தோம். செய்யக்கூடியதுதான். ஆனால் அப்படிச் செய்வதாக இருந்தால் இரண்டு கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல், ஃபேன், சுவிட்ச் எல்லாவற்றையும் இப்போதே போட்டுவிட வேண்டும், பின்னால் வரப்போகும் சுவரின் எடையையும் இப்போதே கணக்கில் சேர்க்கச் சொல்ல வேண்டும். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, அவள் காது கொடுத்தே கேட்கவில்லை. விட்டுவிட்டோம்.

கட்டங்கள் போட்ட கிராஃப் தாள் வாங்கி, ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து மூன்று அறைகளையும் வரைந்தேன். கட்டில், மேசை, அலமாரி எல்லாவற்றையும் அதே அளவில் கெட்டி அட்டையில் வெட்டினோம். ஒற்றைக் கட்டில் 3க்கு ஆறரை, அலமாரி 4க்கு 2, மேசை 4க்கு 2. நாற்காலியைப் பின்னால் இழுத்து உட்கார இரண்டரை அடியாவது வேண்டும் என்று அதற்கும் ஒரு அட்டை. கதவு திறக்கும் கால் வட்டத்தையும் வரைந்தோம். எங்கள் விஷயத்தில் வேலையைக் காட்டியது அந்தக் கால் வட்டம்தான்.

ஏனென்றால் பெரிய அறை என்று நாங்கள் நினைத்த பெண்ணின் அறையில்தான் பொருள் வைக்க இடமில்லை! 132 சதுர அடி, ஆனால் 12 அடிச் சுவரின் நடுவில் அறைக்கதவு, எதிர்ச் சுவரின் நடுவில் ஜன்னல், பக்கச் சுவரின் நடுவில் பால்கனிக் கதவு. எல்லாம் நட்டநடுவில். பிளானில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அறைக்கதவுக்கு இரு பக்கமும் நாலரை நாலரை அடி துண்டுச் சுவர். முழுதாக மிஞ்சியது ஒரே ஒரு 11 அடிச் சுவர், அதில் கட்டிலையும் அலமாரியையும் வரிசையாக வைத்தால் பத்தரை அடி போய்விடும், மேசையை ஜன்னலடியில் போடலாம், ஆனால் எல்லாக் கதவுகளுக்கும் போகிற வழி அறையின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. பத்துக்குப் பத்து அறையில் கதவு ஓரமாக இருந்ததால் அட்டைகள் எல்லாம் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டன, ஆனால் தரையில் உட்கார்ந்து விளையாட இடம் கிடையாது.

சதுர அடிக்காக ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறோம். கதவு இல்லாத சுவர் எத்தனை அடி என்று யாரும் கேட்கவே இல்லை.

பெண்ணின் அறைக்கதவைப் பால்கனிப் பக்க மூலைக்குத் தள்ளச் சொன்னோம். ஓர் அடி கூடக் கூட்டவில்லை. நடக்கும் வழி ஒரு ஓரமாக ஒதுங்கிவிட்டது, மறுபக்கம் எட்டரை அடிக்கு மேல் முழுச் சுவர் கிடைத்தது. ஜன்னலின் அடிப்பகுதி தரையிலிருந்து மூன்று அடி உயரம், மேசை இரண்டரை அடி உயரம், அதனால் ஜன்னலை மறைக்காமல் அதன் கீழேயே மேசை நின்றது. அவள் கேட்டதே அதுதான், ஜன்னலைப் பார்த்தபடி மேசை. பெரிய அறை வேண்டும் என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, நாங்களே அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பையனின் அறைக்கு அந்த வித்தை செல்லவில்லை. அங்கே நிஜமாகவே இடம் வேண்டும், அந்த இடம் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. என் டிரெஸ்ஸிங் ரூம்.

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தேன். சோபாவை எடுக்கக் கூடாதா என்று கேட்டேன். அதை எடுத்தாலும் அந்த இடம் பையன் அறைக்குப் போய்ச் சேராது, அது எங்கள் அறையின் இன்னொரு கோடியில் இருக்கிறது. அப்புறம் ஒரு சாயங்காலம் அப்போது குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் சுண்ணக்கட்டியால் அறைகளை முழு அளவில் கோடு போட்டோம். பையன் தன் கட்டத்துக்குள் பாயை விரித்து அதுதான் கட்டில் என்றான், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான், எழுந்து பின்னால் தள்ளினான், நாற்காலி கோட்டைத் தாண்டி என் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வந்துவிட்டது. "ஸாரிம்மா, உங்க ரூமுக்குள்ள வந்துட்டேன்" என்று அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டான். நான் நின்ற இடத்தில் கையை விரித்துப் பார்த்தேன். ஐந்து அடியில் இரண்டு அடி அலமாரி போனால் மிச்சம் மூன்று அடி. துணி எடுக்கிற நேரத்துக்கு மட்டும் நிற்க ஒரு நடைபாதை, அவ்வளவுதான்.

அந்த மூன்று அடியைப் பையனுக்குக் கொடுத்தோம். எனக்கு 2 அடி ஆழத்தில் 10 அடி நீளமுள்ள அலமாரி எங்கள் அறைப் பக்கம் திறக்கிற மாதிரி நின்றது. எங்கள் அறைக்கும் பையன் அறைக்கும் நடுவே டிரெஸ்ஸிங் ரூமுக்காக இருந்த இரண்டு சுவரில் ஒன்று தேவையில்லாமல் போனதால் நாலரை அங்குலம் லாபம், அதுவும் அவனுக்கே. 10க்கு 13 அடி நாலரை அங்குலம். உடனே பெண் போனில் கணக்குப் போட்டாள். "அம்மா, இப்ப அவனுக்கு என்னைவிட ஒண்ணே முக்கால் சதுர அடி கூட." உனக்குப் பால்கனி இருக்கே என்றேன். அத்தோடு நின்றது.

பிள்ளைகள் கேட்டதை எல்லாம் செய்தோம் என்று இல்லை. கார் வடிவத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டில் வேண்டும் என்றான், முடியாது என்று சொல்லிவிட்டோம், பன்னிரண்டு வயதில் அவனே அதை உடைக்கச் சொல்லுவான். அலமாரிக்குள் துணி மாட்டும் கம்பியை மட்டும் உயரம் மாற்றிக்கொள்கிற மாதிரி வைத்தோம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிளானில் இருக்கும் அளவு பூச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரு பக்கமும் அரை அரை அங்குலம் பூச்சு ஏறியதில் என் பத்து அடி அலமாரி ஒன்பது அடி பதினோரு அங்குலம் ஆயிற்று. நல்ல வேளை, பூச்சு முடிந்தபின் அளந்துதான் மரவேலைக்குச் சொன்னோம்.

ஒரே ஒரு இடத்தில் ஏமாந்தோம். சுவரை நகர்த்திய மாற்றம் கட்டட வரைபடத்தில் ஏறியது, மின் வேலை வரைபடத்தில் ஏறவில்லை. கான்கிரீட் போட்டபோது ஃபேன் கொக்கி பழைய பத்துக்குப் பத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் பையன் அறையில் ஃபேன் நடுவிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் அடி தள்ளித்தான் சுற்றுகிறது. வருகிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்கள். அவன் கட்டிலை நேராக அதன் அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

எங்கள் அறையில் சோபா இருக்கிறது. அதில் இதுவரை யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, மடிக்காத துணிதான் உட்கார்ந்திருக்கிறது.