பகலில் அங்கே இருக்கப்போவது யார்?

வீடு தேடத் தொடங்கியபோது எங்கள் குடும்பத்தில் வண்டி ஓட்டுபவர்கள் இரண்டு பேர், ஓட்டாதவர்கள் இரண்டு பேர். நானும் கணவரும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவோம். மாமனாருக்கு 75 வயது. பார்வை மங்கியதிலிருந்து வண்டியைத் தொடுவதில்லை. மகளுக்கு 11 வயது. ஆனால் எந்தப் பகுதியில் வாங்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் பேசியது நாங்கள் இருவர்தான். அலுவலகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், நெடுஞ்சாலை எவ்வளவு பக்கம், வண்டி நிறுத்த இடம் உண்டா என்பவைதான் எங்கள் கேள்விகள். கேட்டுக்கொண்டிருந்த மாமா ஒருநாள், "நீங்கள் இரண்டு பேரும் அங்கே தூங்கத்தானே வரப்போகிறீர்கள்? பகல் முழுக்க இருக்கப்போவது நான் அல்லவா அம்மா!" என்றார்.

அதன் பிறகு எங்கள் தேடலின் திசை மாறியது. யார் கையில் வண்டிச் சாவி இல்லையோ, அவர்களுடைய காலையும் காதையும் வைத்து ஒவ்வொரு பகுதியையும் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். வீட்டுக் கடன், வட்டி, ஆவணம் பற்றியெல்லாம் எழுதுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே குடியேறுவது என்பதை எப்படி விசாரிப்பது என்று எங்களுக்குச் சொல்ல யாரும் அகப்படவில்லை. அதனால்தான் நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும் விட்டுக்கொடுத்ததையும் எழுதி வைக்கிறேன்.

பயண நேரத்தை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குத் தருகிறார்கள், வாகனத்தின் வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, தூரம்தான் கூடுகிறது என்று வாதிட்டார். ஸ்டுட்சர், ஃபிரே என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியக் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்து, வேலைக்கு நெடுநேரம் பயணம் செய்பவர்கள் வாழ்க்கையில் குறைவான நிறைவையே உணர்கிறார்கள் என்று 2008இல் எழுதினார்கள். கூடுதல் சம்பளமோ மலிவான வீடோ அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. பெருநகரத்தில் வீடு தேடுபவருக்கு இது தலையாய கேள்வி. நடுத்தர நகரத்தில் அப்படியில்லை. நாங்கள் பார்த்த பகுதிகள் எல்லாமே அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பத்து நிமிட வித்தியாசம்; அந்தப் பத்து நிமிடத்தை நானே ஏற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வேறு ஒன்றுதான் முக்கியமாகப் பட்டது. நடுத்தர நகரங்களில் ஓரப் பகுதியை மையத்தோடு இணைப்பது பெரும்பாலும் ஒரே சாலைதான். அந்தச் சாலையில் ஒரு பாலமோ ரயில்வே கேட்டோ இருந்துவிட்டால் முழுப் பகுதியும் அதை நம்பித்தான் வாழ வேண்டும். எங்களுக்கு மிகவும் பிடித்த வீடு அப்படியொரு கேட்டுக்கு அப்பால் இருந்தது. விசாலமான அறைகள், நல்ல வெளிச்சம், கேட்ட விலையும் நியாயமானது. பள்ளி விடும் நேரத்தில் போய்ப் பார்த்தோம். கேட் மூடியிருந்தது, வண்டிகள் நீள வரிசையில் நின்றன, அந்த வரிசையில் ஓர் ஆம்புலன்ஸும் சிக்கியிருந்தது. இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை எப்படி மறப்பது? அந்தப் பகுதியை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். சாதாரண வேகத்தில் 400 மீட்டர் நடக்க ஐந்து நிமிடம் ஆகும். விளம்பரங்களில் வரும் 'ஐந்து நிமிட நடை' எல்லாம் இந்தக் கணக்குத்தான். முதியவரின் ஐந்து நிமிடம் வேறு. பல நாடுகளில் சாலையைக் கடக்கும் சிக்னல் நேரத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்ற நடை வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களின் நடை வேகத்தைப் பற்றி 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் பெரும்பாலோர் அந்த வேகத்தை எட்டுவதில்லை என்று கண்டது. அதாவது, விளக்கு மாறும்போது அவர்கள் நடுச்சாலையில் நிற்பார்கள். மாமா விஷயத்தில் இதை நாங்களே கண்ணால் பார்த்தோம்.

அதனால் ஒவ்வொரு பகுதியிலும் மாமாவை முன்னால் நடக்கவிட்டு நாங்கள் பின்னால் போனோம். பார்த்துவிட்டு வந்த வீட்டிலிருந்து மருந்துக் கடைக்கு, நூலகத்துக்கு, பஸ் நிறுத்தத்துக்கு. அவர் எங்கே தயங்குகிறார், எங்கே தரையைப் பார்த்து அடி வைக்கிறார், எங்கே நிழலைத் தேடுகிறார் என்று கவனித்தால் போதும்; எந்த வரைபடமும் சொல்லாததை அது சொல்லிவிடும். புதிதாக உருவான ஒரு குடியிருப்பில் சாலை அகலமாக, வழவழப்பாக இருந்தது. ஆனால் நடைபாதை பாதி வழியிலேயே முடிந்துபோனது. அதற்குப் பிறகு வேகமாக வரும் கார்களுக்குப் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். வழி நெடுக உட்கார ஓர் இடம் கிடையாது. மரங்கள் எல்லாம் இடுப்பு உயரக் கன்றுகள். அவை நிழல் தருவதற்குள் மாமாவுக்கு 90 வயதாகிவிடும். "இங்கே வந்தால் நான் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டேன்" என்று அவர் சொன்னபோது கணவர் மறுபேச்சுப் பேசவில்லை.

இதையொட்டி நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டின் பழைய ஆய்வு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1969இல் அவர் சான்பிரான்சிஸ்கோவில் ஒன்றுபோலவே இருந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒரு தெருவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்கள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வாகனம் குறைந்த தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வாகனம் மிகுந்த தெருவில் ஒரு நண்பருக்கும் குறைவு. தனியாகப் பகலைக் கழிக்கும் முதியவருக்கும், புது இடத்தில் தோழிகளைத் தேடப்போகும் சிறுமிக்கும் இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! வீட்டு வாசலில் வண்டிகள் விரைந்தால் எதிர்வீடு வேறு ஊராகிவிடுகிறது. அப்போதிலிருந்து, பிரதான சாலைகளுக்கு இடையே குறுக்கு வழியாகப் பயன்படும் தெருக்களை நான் பார்க்கவே மறுத்தேன்.

அடுத்தது தண்ணீர். நகரங்கள் மேட்டிலிருந்து தொடங்கிப் பள்ளத்தை நோக்கி வளர்வது பல இடங்களில் உண்டு. பழைய குடியிருப்புகள் உயரமான இடத்தைப் பிடித்திருக்கும். கடைசியாக விற்பனைக்கு வருவது தண்ணீர் தேங்கும் நிலம். 'நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்ற சொல்லைக் கேட்டு நிறையப் பேர் நிம்மதியடைகிறார்கள். உண்மையில் அது ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதைத்தான் குறிக்கிறது. போன ஆண்டு வந்துவிட்டது என்பதால் அடுத்த ஆண்டு விலக்குக் கிடையாது. அப்படிப்பட்ட வெள்ளம் எட்டும் இடத்தில் முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் புகும் வாய்ப்பு 26 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனைக்கும் அது பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அது சுமார் 7 சதவீதம் அதிகமான நீராவியைத் தாங்கும். அந்த நீர் மழையாகக் கொட்டும்போது வேகமும் கூடுகிறது. மேட்டுப் பகுதியில் புதிது புதிதாகக் கான்கிரீட் போட்டால் மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீரும் பள்ளத்துக்கு ஓடி வருகிறது. ஆகவே, "இதுவரை இங்கே தண்ணீர் வந்ததே இல்லை" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது நாளைக்குச் செல்லாது.

நாங்கள் செய்தது இதுதான். வெள்ள அபாய வரைபடத்தைப் பார்த்தோம். பத்து, பதினைந்து ஆண்டுக்கு முந்தைய செயற்கைக்கோள் படங்களை இன்றைய படங்களோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் முன்பு நீர் தெரிந்தது, ஓடை எந்த வழியாகப் போனது என்று தேடினோம். நல்ல மழை பெய்த நாளில், வேலையை விட்டுவிட்டு, குடையோடு அந்தப் பகுதிகளுக்குப் போனோம். தரகர்கள் வெயில் நாளில்தான் அழைப்பார்கள். மழையில் போனால் எந்தத் தெருவில் நீர் ஓடுகிறது, எங்கே நிற்கிறது, நின்ற நீர் வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். சுற்றுச்சுவர்களின் அடியில் ஒரே உயரத்தில் ஓடும் கறை, வெளுத்துப் பூத்த உப்பு, வாசற்படிக்குக் குறுக்கே பின்னாளில் கட்டிய சிறு தடுப்பு, இவை எல்லாமே சாட்சிகள். பிறகு, இறுதியாக நின்ற இரண்டு பகுதிகளுக்கும் வெள்ளக் காப்பீடு எவ்வளவு ஆகும் என்று கேட்டோம். தொகையில் இருந்த வித்தியாசமே போதுமான பதிலாக இருந்தது. வெள்ளம் வந்தால் பணத்தை இழக்கப்போகும் காப்பீட்டு நிறுவனம் போடும் கணக்கை நம்பலாம் என்பது என் கருத்து.

மண்ணையும் விடாதீர்கள். களிமண் நிலம் ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கும். அதன் மேல் நிற்கும் சுவர்களில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். ஒரு வீட்டில் இருந்தால் கட்டியவரின் குறையாக இருக்கலாம். தெரு முழுக்க இருந்தால் நிலத்தின் குணம்.

சத்தத்தை இரவில்தான் கேட்க வேண்டும். டெசிபல் அளவில் 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரவு நேரச் சாலைச் சத்தம் சராசரியாக 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய காற்றில் கலந்திருக்கும் நுண்துகள்களும் முதல் சில நூறு மீட்டருக்குள்தான் மிக அடர்த்தியாக இருக்கின்றன. 'நெடுஞ்சாலைக்கு மிக அருகில்' என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வதை நாங்கள் எச்சரிக்கையாகப் படிக்கக் கற்றுக்கொண்டோம்.

கணவரோடு உண்மையான வாக்குவாதம் வந்தது காலிமனையைப் பற்றித்தான். நகர எல்லையில் ஒரு வீடு. பின்கதவைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய வரை வெட்டவெளி. அவர் அதில் மயங்கிவிட்டார். அந்த வெளி எங்களுடையதல்ல, அதற்கு வேறு உரிமையாளர் இருக்கிறார் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இருவரும் திட்டமிடல் அலுவலகத்துக்குப் போய் நகர வளர்ச்சி வரைபடத்தைக் கேட்டோம். எவரும் கேட்டால் பார்க்கக் கொடுக்க வேண்டிய ஆவணம்தான். ஆனால் கேட்பவர்கள் குறைவு போலிருக்கிறது, தேடி எடுக்கவே நேரமானது. வெட்டவெளியின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு போயிருந்தது. வரப்போகும் சுற்றுச்சாலை. அதையொட்டிச் சரக்குக் கிடங்குகளுக்கு ஒதுக்கிய நிலம். கணவர் வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். திரும்பி வரும் வழியில், "சுற்றிலும் ஏற்கெனவே கட்டி முடித்த இடமாகப் பார்ப்போம்" என்றார். வளரும் நகரத்தின் விளிம்பில் வாங்குபவர்களுக்கு நான் இதை அழுத்தமாகச் சொல்வேன்: பக்கத்து நிலத்தில் என்ன வரலாம் என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

குடிநீர், கழிவுநீர்க் குழாய் இணைப்பு இரண்டும் ஒரே விசாரணையில் முடிந்துவிடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் அட்டவணையை நம்பாமல் நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் கேளுங்கள்.

மனிதர்களிடம் பேசியதில் எங்களுக்கு உதவியது ஒரு வழக்கம். சொந்த வீட்டுக்காரர்கள் தங்கள் பகுதியைக் குறை சொல்ல மாட்டார்கள். மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. "இதே வாடகைக்கு வேறு இடம் கிடைத்தால் போவீர்களா?" என்று கேட்டோம். யோசிக்காமல் வந்த பதில்களே எடையுள்ளவை. மகள் தன் வழியில் விசாரித்தாள்: மாலை நேரத்தில் தெருவில் தன் வயதுப் பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று பார்த்து, இருந்தால் நேராகப் போய்ப் பேசினாள்.

நாங்கள் வாங்கியது பழைய குடியிருப்பில், சற்று மேடான நிலத்தில் இருக்கும் சிறிய வீடு. அறைகள் குறுகல், மின்கம்பிகளை முழுவதும் மாற்ற வேண்டியிருந்தது, ஒரு காரைத்தான் நிறுத்த முடியும். கேட்டுக்கு அப்பால் பார்த்த அந்த விசாலமான வீட்டை நினைத்தால் கணவருக்கு இன்றும் சற்று ஏக்கம்தான். என் பயணம் எதிர்பார்த்தபடியே பத்து நிமிடம் கூடியிருக்கிறது. மாமா காலையில் நூலகத்துக்கும் மாலையில் பூங்காவுக்கும் தனியாகவே போய் வருகிறார். மகளுக்கு அதே தெருவில் இரண்டு தோழிகள்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. நூலகத்துக்குப் போகும் வழியில் உள்ள சிக்னலில், நடப்பவர்களுக்குத் தரும் நேரம் மாமாவின் நடைக்குப் போதவில்லை. தெருவில் இருக்கும் மற்ற முதியவர்களையும் சேர்த்துக்கொண்டு, சாலையின் அகலத்தையும் விளக்கு எரியும் நொடிகளையும் அளந்து, நகர நிர்வாகத்துக்கு மனு எழுதினோம். ஒரு பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பதில் வருவதற்குள் அடுத்த மனுவையும் மாமா எழுதத் தொடங்கிவிட்டார். இந்த முறை பஸ் நிறுத்தத்தில் ஓர் இருக்கை கேட்டு.