அந்த டைஜோபு

ஜப்பானில் எங்கள் தொழிற்சாலையின் லைன் தலைவரை ஹான்ச்சோ என்போம். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அஷித்தா, டைஜோபு கா?" நாளைக்கு வேலைக்கு வர முடியுமா, ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று. நான் தம்பி என்று கூப்பிடும் பயிற்சிப் பையன், மொழிபெயர்ப்பாளனான என்னைப் பார்த்தான். டேப் சுற்றிய ஆள்காட்டி விரலைப் பேண்ட் பக்கமாக இறக்கிக்கொண்டு, "பரவாயில்லைண்ணே, சமாளிச்சுக்கிறேன்" என்றான். நான் ஹான்ச்சோ பக்கம் திரும்பி, "டைஜோபு டெஸ். கன்பாரிமாஸ்" என்றேன். எல்லாம் சேர்த்து ஐந்து நொடி இருக்கும்.

ஹான்ச்சோ தலையாட்டினார். "முரி ஷினாய்டே", ரொம்ப இழுத்துப் போட்டுக்காதே என்று அவனிடம் நேராகவே சொல்லிவிட்டு லைனுக்குத் திரும்பிப் போனார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதனால்தான் இது இன்னும் உறுத்துகிறது. கெட்ட ஆளாக இருந்திருந்தால் பழியை அவர் மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மொழிபெயர்ப்பில் தப்பில்லை என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் சொன்னதைத்தானே சொன்னேன்? பரவாயில்லை என்றால் டைஜோபு. ஜப்பான் மொழித் தேர்வில் ஆரம்ப நிலையான என் 5-க்கு நடக்கும் எந்த வகுப்பிலும் முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு இடத்தில் நிற்கிற சொற்கள். டைஜோபுவின் கான்ஜி எழுத்துகளைப் பிரித்தால் உள்ளே நிற்பது ஓர் ஆஜானுபாகுவான ஆண்மகன். உறுதி, திடம் என்கிற பொருள் அதில் இருந்து வந்ததுதான். நம்முடைய பரவா, பாரசீகத்தில் இருந்து உருது வழியாக வந்த சொல். கவலை, பொருட்படுத்துதல் என்று அர்த்தம். பரவாயில்லை என்று சொல்கிறவன் "எனக்கு வலிக்கவில்லை" என்று சொல்வதில்லை. "வலிக்கிறது, நீங்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம்" என்கிறான். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு ஸாரி சொல்கிறவரிடம் நாம் எல்லோரும் அதைத்தானே சொல்கிறோம்?

தமிழ் ஆட்களுக்கு ஜப்பான் மொழி சுலபம் என்று எங்கள் வகுப்பில் அடிக்கடி சொல்வார்கள். பேராசிரியர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல வருடம் வாதாடினார். மொழியியல்காரர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு நமக்குப் பெரிய வசதி. வினைச்சொல் கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு மாதிரி ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவர் போல வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம். சொல்லுக்குச் சொல் அப்படியே போய் உட்கார்ந்துவிடும். அந்தச் சுலபம்தான் அன்றைக்கு என் காலை வாரியது என்று நினைக்கிறேன். புரட்ட வேண்டியிருந்தால் ஒரு நொடி நின்றிருப்பேன். நின்றிருந்தால் முந்தின ராத்திரி ஞாபகம் வந்திருக்கும்.

இல்லை, இதுவும் பொய். முந்தின ராத்திரி எனக்கு மறக்கவே இல்லை.

விடுதியில் நாங்கள் ஐந்து பேர். நாலு ட்ரெய்னி பசங்க, அப்புறம் நான். எனக்கு நாலரைத் தத்தாமிப் பாய் அளவில் தனி அறை, அவர்களுக்கு இரண்டு அறை, எல்லோருக்கும் ஒரே சமையலறை. வேலை உத்தரவில் இருந்தது மொழிபெயர்ப்பாளர் என்ற ஒரு வார்த்தைதான். ஆனால் கூடவே தங்கியிருக்கிறவனுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. எரிகிற குப்பை எந்தக் கிழமை, பிளாஸ்டிக் எந்தக் கிழமை என்று சொல்ல வேண்டும். வார்டு ஆபீசுக்குக் கூட்டிப் போக வேண்டும். தாளிப்பு வாசனைக்குப் புகார் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்க் குனிந்து நிற்க வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்பும் செயலியில் பாஸ்வேர்டு மறந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஐச்சி மாகாணத்தில் இப்படி எத்தனையோ விடுதிகள். ஜப்பானிலேயே ஜிஷ்ஷூசெய் என்று சொல்லப்படும் இந்தத் தொழில்பயிற்சிப் பிள்ளைகள் மிக அதிகமாக இருக்கிற மாகாணம் அதுதான்.

அந்த ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். தண்ணீர் குடிக்கப் போனேன். விளக்குப் போடாமல், ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து, ஐஸ் டிரேயின் மேல் விரலை அழுத்திக்கொண்டு தம்பி நின்றிருந்தான். ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் விரல் நுனி கத்திரிக்காய் நிறத்தில் தெரிந்தது. சாயங்காலம் ரோலர் மேல் பாக்ஸ் வழுக்கி, விரல் நுனியில் நேராக வந்து முட்டியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுண்ணே. தூங்க முடியல" என்றான். அடுத்த மூச்சிலேயே, "யார்கிட்டயும் சொல்லிராதீங்கண்ணே. இந்த மாசம் ஓவர்டைம் நிறைய இருக்கு."

ஓவர்டைம் என்றால் மணிக் கூலியில் 25 சதவீதம் கூட. வேடசந்தூர்ப் பக்கம் அவன் வீட்டுக் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மாசாமாசம் அவன் பணம் அனுப்பும்போது பக்கத்தில் இருக்கிறவன் நான். சரி என்றேன். டேப் எடுத்து நான்தான் சுற்றிவிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் ஹான்ச்சோ பார்த்த அந்த டேப் நான் சுற்றியது.

ஆக, சாயங்காலம் லைன் பக்கத்தில் நின்றபோது எனக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் மொழிபெயர்ப்பாளன். கூட்டாதே, குறைக்காதே, கேட்டதை வெளியே சொல்லாதே என்று பழக்கப்பட்டவன். ஜப்பானில் இந்த வேலையைக் குரோகோவோடு ஒப்பிடுவார்கள். கபுகி நாடக மேடையில் தலை முதல் கால் வரை கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு நடிகருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற உதவியாளர். அவர் மேடையில் இல்லை என்றே பார்வையாளர்கள் வைத்துக்கொள்வார்கள். இன்னொருவன் அந்தப் பையனோடு ஒரே குக்கரில் சோறு வடித்துத் தின்கிறவன், அவன் விரலுக்கு டேப் சுற்றினவன். முதல் ஆளாக மட்டும் இருந்திருந்தால் நான் செய்தது சரி. இரண்டாவது ஆளாக இருந்தாலும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவனின் பேச்சைக் காப்பாற்றினேன், அதுவும் சரிதானே? இரண்டு கணக்கும் எனக்குச் சாதகமாகத்தான் வருகிறது. அப்புறம் ஏன் விரல் மட்டும் தப்பாகிப் போனது?

மனசைத் தொட்டுச் சொன்னால் மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அந்த வாரம் மேற்பார்வை அமைப்பின் தணிக்கை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வந்தாக வேண்டும் என்பது விதி. நாலு பேரின் பயிற்சிக் குறிப்பேட்டையும் நான் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி என்றால் அரை நாள் போய்விடும். "பரவாயில்லைண்ணே" என்று அவன் சொன்னபோது அந்தப் பதில் எனக்கும் வசதியாக இருந்தது. கன்பாரிமாஸ் என்பதை அவன் சொல்லவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அவன் சொன்னது சமாளிச்சுக்கிறேன். முழு மூச்சாகச் செய்கிறேன் என்று அதை மெருகேற்றிக் கொடுத்தது நான்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை. வேலை தொடங்கும் முன் எல்லோரும் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டி "யோஷி!" என்று சத்தமாகச் சொல்வது அங்கே வழக்கம். ஹெல்மெட் யோஷி, கையுறை யோஷி, காலடி யோஷி. டேப்பை அவன் இரண்டு நாள் முன்னாலேயே அவிழ்த்திருந்தான். எல்லோருடைய ஆள்காட்டி விரலும் நேராக நீண்டது. அவனுடையது கடைசிக் கணுவில் மடங்கி, நுனி தரையைப் பார்த்துத் தொங்கியது. ஹான்ச்சோ அவன் கையைப் பிடித்து நுனியை மெதுவாக நிமிர்த்தினார். விட்டதும் திரும்ப விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொன்னார், விரல் நுனியை நிமிர்த்துகிற தசைநார் ஒரு சிறு எலும்புத் துணுக்கோடு பிய்ந்திருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் கட்டையை ஒரு நிமிஷம்கூடக் கழற்றாமல் நேராக வைக்க வேண்டும், அன்றைக்கே வந்திருந்தால் நல்லது. முதல் நாள் வலி எப்படி இருந்தது என்று கேட்டார். நான் சொன்னேன், "ஸுகிஸுகி."

விண்விண் என்று தெறிக்கும் வலிக்கு அச்சான ஜப்பான் சொல் அது. வலிக்கு இரட்டைக்கிளவி வைத்திருப்பதில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஊசி குத்தினாற்போலச் சுருக் சுருக்கென்றால் சிகுசிகு. திகுதிகுவென்று எரிந்தால் ஹிரிஹிரி. அந்தச் சொல் எனக்கு முதலிலேயே தெரியும். ஃபிரிட்ஜ் முன்னால் அவன் சொன்னபோதே மண்டைக்குள் ஸுகிஸுகி என்று மாறிவிட்டது. பழக்கம் அப்படி, யார் என்ன பேசினாலும் உள்ளே இன்னொரு குரல் மாற்றிக்கொண்டே இருக்கும். வாயால் சொல்லப் பதினொரு நாள் ஆனது.

நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. வேலையில் பட்ட காயத்தை மறைக்கிறதற்கு ரோசாய் காகுஷி என்று பெயர், சட்டப்படி குற்றம். அப்படிச் சில இடங்களில் நடப்பதாகப் பேச்சு உண்டு, பசங்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். இஷ்டத்துக்கு வேறு கம்பெனிக்கு மாற முடியாது, முகம் சுளித்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம் எல்லோருக்கும். 2024 ஜூனில் சட்டம் மாறியிருக்கிறது. 2027 ஏப்ரலில் வரப்போகும் புது ஏற்பாட்டில் சில நிபந்தனைகளோடு இடம் மாறலாம். அன்றைக்கு அது இல்லை. ஆனால் ஹான்ச்சோ ஆஸ்பத்திரி கவுண்டரிலேயே "ரோசாய்", வேலை விபத்து என்று சொல்லிவிட்டார். அதற்கான ஐந்தாம் எண் படிவத்தைக் கம்பெனி நிரப்பிக் கொடுத்தது. தம்பிக்கு ஒரு யென் செலவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

திரும்பி வரும்போது காரில் ஹான்ச்சோ சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இஷ்ஷோ நி சுண்டெரு நோனி…" கூடவேதானே தங்கியிருக்கிறாய், இருந்தும்… அவ்வளவுதான், முடிக்கவில்லை. நோனி என்று இழுத்து விட்டுவிட்டால் மிச்சத்தைக் கேட்கிறவன்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். பின்சீட்டில் இருந்து தம்பி, "என்னண்ணே சொல்றாரு?" என்றான். நான் மொழிபெயர்க்கவில்லை. "ஒண்ணுமில்லை" என்றேன். நான் அங்கே இருந்த இரண்டு வருடத்தில் தெரிந்தே மொழிபெயர்க்காமல் விட்ட முதல் வாக்கியம் அதுதான்.

அப்புறம் ஒரு தாளில் வலிச் சொற்களை இரண்டு மொழியிலும் பெரிதாக எழுதி, சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டினேன். இன்னொரு பையன் அதைப் படித்துவிட்டு, பல் வலி ஸுகிஸுகி என்று அவனே ஹான்ச்சோவிடம் போய்ச் சொல்லி, அன்றைக்கே பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தான். எனக்கு அப்படியொரு சந்தோஷம். தம்பியிடம் தாளைக் காட்டி, "இது அப்பவே இருந்திருந்தா நீயே சொல்லியிருப்பல்ல?" என்று கேட்டேன். கட்டை கட்டிய விரலை மடக்காமல் தூக்கிப் பிடித்தபடி இடது கையால் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இல்லண்ணே. அப்பவும் பரவாயில்லைன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான்.